சம்ப் எதற்கு

எங்கள் ஊரில் சம்ப் என்றால்
தரைக்கடியில் நகராட்சித் தண்ணீர் விழும் குழி.
அதனால்தான் பிளம்பர் அந்தோணிராஜ் கேட்டார்:
"மீன் தொட்டிக்குமா சார்?
அதுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணி வருதா?"

மூன்றடித் தொட்டி. நூற்று அறுபது லிட்டர்.
கடலையே பார்க்காத கடல்.
உப்பு பாக்கெட்டில் வந்தது, பாறை பார்சலில்,
கோமாளி மீன் இரண்டும் திருச்சியிலிருந்து
பஸ்ஸில், என் மடியில்.
புதுக்கோட்டை தாண்டும்போது
பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து
"குழம்புக்குக் காணாதே" என்றார்.

கீழே இன்னொரு தொட்டி வைத்தே ஆகவேண்டும் என்றான்
விற்ற வயிரவன்.
ஸ்கிம்மர், மோட்டார், ஒயர்கள், அழுக்குப் பஞ்சு,
எல்லாம் அலமாரிக்குள் போய்விடும்.
உங்கள் கண்ணுக்குப் பவளம் மட்டும்.
"விருந்துக்கு வந்தவர் இலையைப் பார்ப்பாரா,
கழுவப் போட்ட குண்டானைப் பார்ப்பாரா?"
ஹீட்டரையும் அங்கேயே வைக்கலாம் என்றபோது
உமையாள் சிரித்துவிட்டாள்.
சித்திரையில் காரைக்குடிக் குழாயைத் திறந்தாலே ஹீட்டர்தான்.

ஆனால் ஒன்று சொன்னான், அது உண்மை:
தண்ணீர் கூடக் கூட
தப்பு மெதுவாக நடக்கும்.

அன்று ராத்திரி முழுக்க அதையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போனால் மேலே உள்ளது கீழே இறங்கும்.
இறங்குவதற்குக் கீழே இடம் விட்டிருக்க வேண்டும்.
விடாத ஒருவர் தேவகோட்டையில் இருக்கிறார்.
நடுச்சாமம், ஆத்தங்குடிக் கல்லின் மேல்
முப்பது லிட்டர் கடல்.
விடிந்து பார்த்தால் துறவி நண்டு ஒன்று
கூடத்தைக் கடந்து
சாமி அறை வாசல்வரை போயிருந்ததாம்.

தண்ணீர் தானாக நிரம்ப ஒரு குழாய் வேண்டும்,
அடுப்படியிலிருந்து, சுவரைத் துளைத்து.
கண்ணாடியில் துளை போட வைர முனை போதும்.
இந்தச் சுவரில் துளை போடப்
பதினோரு பங்குக்காரர் கையெழுத்து வேண்டும்.
ஒருவர் ஈப்போவில்.
இருவர் கோர்ட்டில், ஒருவரை ஒருவர் எதிர்த்து.

ஆகவே சம்ப் இல்லை. இப்போதைக்கு.
ஸ்கிம்மர் தொட்டியின் முதுகில் தொங்கிக்கொண்டு
எல்லாருக்கும் தெரியக் கொப்பளிக்கிறது.
பக்கக் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.
மின்விசிறிக் காற்றில் நாளுக்கு அரை விரல் இறங்கும்.
உப்பு எங்கும் போகாது.
தண்ணீர் மட்டும் சொல்லாமல் கிளம்பிவிடும்,
மிச்சம் கரிக்கும்.
தினம் ஒரு ஜக் நல்ல தண்ணீர், கோடுவரை.

சம்ப் இருந்தால் இந்தக் கோடே வேண்டாம்.
மேலே எப்போதும் விளிம்பு தளும்பும்,
குறைவதெல்லாம் கீழே, கதவுக்குப் பின்னால் குறையும்.

அதை நினைத்தபோது
வயிறு லேசாகக் கலங்கியது.
கீழே ஒரு தொட்டி எனக்கு ஏற்கெனவே உண்டு.
உமையாளிடம் பதினெட்டாயிரம் என்று சொன்னது
நாற்பத்தொன்று.
விளக்கு மட்டும் பதினான்கு.
பெட்டியை ஆபீஸிலேயே கிழித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் வர நேரமாகிவிட்டது.
உமையாள் தொட்டியருகே நிற்கிறாள், கையில் ஜக்.
கோட்டுக்குக் கீழே, சின்னச் சின்னதாக,
ஒன்பது நாளாக அவள் போட்ட புள்ளிகள்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி.
எனக்குத் தெரியாமல் எழுதியதல்ல,
நான்தான் அந்தப் பக்கம் குனிந்து பார்க்கவில்லை.

மெதுவாக ஊற்றினாள், பாறை மேல் விழாமல்.
மீன் இரண்டும் கைப்பக்கம் வந்தன.
தண்ணீர் கோட்டைத் தொட்டது, நிறுத்தினாள்.

"அந்த சம்ப் வச்சா எவ்வளவு ஆகும்?"
ஜக்கைக் கவிழ்த்து வைத்தாள்.
"முழுசா சொல்லுங்க."